இருபத்து மூன்று பின்னந்தலைகள்

முள்ளளம் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரைப் படம் பிடித்ததில் இருபத்து மூன்று பேருக்கு முகம் விழவில்லை. பின்னந்தலைதான் விழுந்தது.

பிள்ளைகள் முன்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். படம் பிடித்த பிச்சைக்கனிக்கு அறுபத்தொரு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்த பையன் மூக்கும் முழியுமாக எதிரே இருந்தான், பொத்தானை அமுக்கினார், கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார், அதே ஸ்டூல், அதே வெள்ளைத் துணி, அதே யூனிபார்ம் சட்டை, ஆனால் சட்டையின் முதுகு, முதுகுக்கு மேல் காலர், காலருக்கு மேல் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தலையின் நடுவே இரண்டு சுழி. நிமிர்ந்து பார்த்தார். பையன் முகத்தோடுதான் இருந்தான்.

"உனக்கு ரெட்டைச் சுழியால?"

"ஆமா அண்ணாச்சி."

"சரி. எந்திரி."

அவ்வளவுதான் கேட்டார். மற்றதைக் கேட்க நேரமில்லை, பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

பிச்சைக்கனியின் வழக்கம் அது. ஆளுக்கு நாற்பது விநாடி. "உக்காரு. நாடிய எறக்கு. கண்ணத் தொற. சிரி. எந்திரி." நாடி இறங்காவிட்டால் மோவாயைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து அவரே இறக்குவார். முப்பது வருஷமாக அந்த ஊரில் ரேஷன் கார்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெண் பார்க்கவும் பிணம் எடுக்கவும் நாடியை இறக்கிய கை அது. பள்ளிக்கூடத்தின் வழக்கம் அதற்கும் ஒருபடி மேல். வேப்பமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, நாற்பத்தொரு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, டிரில் வாத்தியார் பிரேயர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். பேரோடு நிற்க மாட்டார். "அடுத்து நம்ம நெட்டக்கொக்கு அருள்ராஜ்! யாரும் சிரிக்காதீங்கல, அவன் அழுதுருவான்!" மைக் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய் உட்கார்ந்து சிரிக்க வேண்டும்.

ஆண்டு விழாவில் ஆடுகிற பிள்ளைகள், போனில் நாளுக்குப் பத்துத் தடவை தன்னையே பிடித்துக்கொள்கிற பிள்ளைகள், இப்படிப் பதினெட்டுப் பேருக்கு முகம் பளிச்சென்று விழுந்தது. ஆஜர் சொன்னால் பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடக் கேட்காத பிள்ளைகள், பரு வந்தவர்கள், பல் முந்தியவர்கள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்கள், இவர்கள் இருபத்து மூன்று பேரும் படத்துக்குள்ளே திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

முள்ளளம் உப்பளத்து ஊர். வெயிலும் உப்புமாகச் சேர்ந்து கூசுகிற கூச்சத்தில் அந்த ஊர்க்காரர்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பிறந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வளர்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டே சண்டையும் போட்டுச் சமாதானமும் ஆகிறவர்கள். எதற்கும் முழுக்கண் திறந்து வியக்க மாட்டார்கள். ஒரு ஐப்பசியில் கிழக்குத் தெருக் கிணறு இரண்டு நாள் பதநீராக இனித்தபோதும் யாரும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, குடத்தை மட்டும் பெரிதாக எடுத்துப் போனார்கள். ஆகவே இதற்கும் யாரும் அலறவில்லை. என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள்.

தலைமையாசிரியர் ஞானராஜ் இருபத்து மூன்று படத்தையும் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவைத்தார்.

"இது யாரு, இது யாருன்னு எப்படிவே கண்டுபிடிக்க?"

"எனக்கென்ன தெரியும். முகத்தப் பிடிச்சேன், முதுகு வந்துட்டு" என்றார் பிச்சைக்கனி.

"கேமராவ மாத்திப் பாத்தீரா?"

"ரெண்டு மாத்தியாச்சு."

சலூன் சுடலைக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, கத்தரிக்கோலை மேல்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மேசையைச் சுற்றி ஒருநடை நடந்தார். "இது செல்வின். காதுக்குப் பின்னால ஒரு தழும்பு, ஏழாப்பு படிக்கையில கல்லு பட்டது. இது மேட்டுத்தெரு இசக்கி, முடி தெக்க பாத்து வளரும், எவ்வளவு வெட்டினாலும் தெக்கதான். இது அருள்ராஜ், பாவம், பயந்த பய, கத்தி பட்டாலே கழுத்து புல்லரிக்கும், பாருங்க, போட்டோவுலயும் புல்லரிச்சிருக்கு." ஐந்து நிமிஷத்தில் பையன்கள் பத்துப் பேரும் பேரோடு எழுந்து நின்றார்கள். அன்றிலிருந்து சுடலைக்கு ஊரில் மரியாதை கூடிவிட்டது, நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

பெண்பிள்ளைகள் பதின்மூன்று பேரை அடையாளம் சொல்லத் தாய்மார்கள் வந்தார்கள். பார்த்தவர்கள் லேசில் போகவில்லை. பெற்ற பிள்ளையின் பின்னந்தலையை யார் பார்க்கிறார்கள்? பிள்ளை வீட்டைவிட்டு இறங்கும்போதுதான் அது தெரியும், அந்நேரம் அடுப்பில் உலை பொங்கிக்கொண்டிருக்கும். ஒருத்தி மகள் கழுத்தில் ஒரு தீக்காயத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்போ? எங்கிட்டச் சொல்லவேயில்லயே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி, "எப்பா, எம்புட்டு முடி! நான் வாரிவிட்டு எட்டு வருசமாச்சே" என்றாள். ஒரு தகப்பன் மட்டும் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, "முகத்தவிட இது நல்லாத்தான் இருக்கு" என்றான். மகன் பக்கத்தில் நின்றான். பிச்சைக்கனி அந்த ஆளை முறைத்தார்.

ஒரே வாரத்தில் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பின்னந்தலைப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள், மாட்டியதும் வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்ததால், தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அதைப் பார்த்து "சரி, விடு" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்கள். பூக்காரி பின்னலின் நுனியில் வைக்கத் தனிச் செண்டு கட்டினாள். பெண்கள் முன்நெற்றிக்குப் பவுடர் போட்டதுபோக மிச்சத்தைப் பிடரிக்கும் போட்டார்கள். சுழி பார்த்துக் குணம் சொல்ல ஒரு ஜோசியக்காரர் டவுனிலிருந்து பஸ் ஏறி வந்தார், அவருக்கு முன்னால் சுடலை ஐந்து நிமிஷம் பேசினார், ஜோசியக்காரர் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். போனில் பிடித்தாலும் அதேதான் விழுந்தது. அந்த இருபத்து மூன்று பேரும் மற்றபடி நன்றாக இருந்தார்கள், பேசினார்கள், தின்றார்கள், கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். படத்தில் மட்டும் திரும்பிக்கொண்டார்கள்.

ஊர் பழகிக்கொள்ளும். பரீட்சை பழகிக்கொள்ளுமா?

படம் எதற்கு? ஹால் டிக்கெட்டுக்கு. கல்வி அலுவலகத்துப் பெரிய கிளார்க் நல்ல மனுஷர், விதிப் புத்தகத்தைப் பிரித்து விரலால் வரிவரியாகத் தேடினார். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று இருந்தது, தொப்பி கூடாது என்று இருந்தது, கறுப்புக் கண்ணாடி கூடாது என்று இருந்தது, முகம் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அது எழுதி வைக்க வேண்டிய சங்கதி என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. "விதிப்படி செல்லும்" என்று அவர் அனுப்பியே விட்டார். கம்ப்யூட்டர்தான் ஏற்கவில்லை. இருபத்து மூன்று படத்தையும் இருபத்து மூன்று தடவை துப்பியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முகம் வராவிட்டால் ஹால் டிக்கெட் வராது, ஹால் டிக்கெட் வராவிட்டால் பரீட்சை கிடையாது.

மற்றவர்கள் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். பேச்சித்தங்கத்துக்கு அடுத்த வருஷம் கிடையாது.

பேச்சித்தங்கம் அளத்தில் உப்பு வாருகிற முத்துமாலையின் இரண்டாவது மகள். வகுப்பில் முதல் மார்க், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "பன்னெண்டு முடிச்சா காலேசு. நடுவுல நின்னா எறால் கம்பெனி" என்று அப்பா முத்துமாலை அவள் பத்தாம் வகுப்பு முடித்த அன்றைக்கே சொல்லிவிட்டார், அவர் சொன்னால் சொன்னதுதான். இறால் உரிக்கிற கம்பெனி வேன் சனிக்கிழமை காலையில் வரும். அவள் அக்கா அந்த வேனில்தான் போய் வருகிறாள், நாலு வருஷத்தில் அக்காவின் விரல்களில் ரேகை இல்லாமல் போய்விட்டது, ஐஸ் தின்றுவிட்டது. வேன்காரன் இந்தச் சேதி கேட்டதும் ஒரு சீட்டைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

இதைப் பிச்சைக்கனியிடம் யாரும் வந்து சொல்லவில்லை. பேச்சித்தங்கத்தின் படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்தபோது, சட்டைக் கழுத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. துணிக்கறை என்று நினைத்தார். உப்பு. பள்ளிக்கூடம் வருமுன் அளத்துக்குப் போய்விட்டுத்தான் வருகிறாள். அப்புறம்தான் விசாரித்தார். விசாரித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, அதை யாருக்கும் சொல்லவுமில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஞானராஜ் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். "மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ். பின்னாலயே திருப்பி உக்கார வையும்வே, முன்னால வந்துரும்" என்றார். அருள்ராஜைத் திருப்பி உட்காரவைத்துப் பிடித்தார் பிச்சைக்கனி. அதே பின்னந்தலைதான், ஆனால் பத்தடி தள்ளி, வெள்ளைத் துணிக்குள்ளேயே நடந்துபோய் நின்ற மாதிரி. இன்னொன்று பிடித்தார். இருபதடி. "நிறுத்தும், நிறுத்தும்! விட்டா ஊரவிட்டே போயிருவான்" என்று ஞானராஜ் கையைப் பிடித்துக்கொண்டார். டிரில் வாத்தியார் மைக்கில் ஜோக் சொன்னார். பதினெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபத்து மூன்று பேருக்கும் படத்தில் காதுமடல் சிவந்திருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேச்சித்தங்கம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மற்ற இருபத்திரண்டு பேரும் பின்னாலேயே வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்கள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"நாடிய எறக்கு" என்றார் பிச்சைக்கனி. ஏற்கெனவே நெஞ்சில் இருந்த நாடி. "சரி, தூக்கு. என்னப் பாரு. கண்ணத் தொற."

பின்னந்தலை. மறுபடி பிடித்தார். பின்னந்தலை. விளக்கை மாற்றினார், விளக்கை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், பல்லைக் கடித்தார். பதினேழு படம். பதினேழு பின்னல், பதினேழு சிவப்பு ரிப்பன்.

"எந்திரி. போ. என்னால முடியல."

அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு எடுங்க மாமா" என்றாள், தரைக்குத்தான் கேட்டிருக்கும்.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பிச்சைக்கனியின் வீட்டுக்காரி வெளியே வந்தாள். இது நடக்காத காரியம். அந்த ஸ்டுடியோவில் பிரிண்டு போடுவது, ஓரம் நறுக்குவது, கவரில் போடுவது எல்லாம் அவள்தான், முப்பது வருஷமாக ஊர் முகத்தையெல்லாம் பாஸ்போர்ட் அளவில் நறுக்கியவள், ஆனால் ஒரு முகத்துக்கும் நேரே வந்து நின்றதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரையை இன்னும் ஒரு சாண் இழுத்துவிடுவாள். அவர்கள் கல்யாணப் படத்தில் அவளுக்கு வகிடு மட்டும்தான் தெரியும்.

"என்ன?" என்றார் பிச்சைக்கனி.

அவள் கேமராவைப் பார்த்தாள். நின்றாள்.

"என்னட்டி? நீ பிடிக்கியோ?" எரிச்சலில் சொன்னதுதான்.

"தாங்க" என்றாள்.

அவர் தந்தார். ஏன் தந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கேமராவை வாங்கிய கை வெடவெடவென்று ஆடியதைப் பார்த்தார். "விழுந்துச்சுன்னா தெரியும்" என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்க விடவில்லை. "நீங்க செத்த வெளிய இருங்க" என்றாள். முப்பது வருஷத்தில் அவரை அவருடைய ஸ்டுடியோவிலிருந்து வெளியே போகச் சொன்ன முதல் ஆள்.

போய் வாசல்படியில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார்.

"உள்ள என்ன மாமா நடக்கு?" என்றான் அருள்ராஜ்.

"வாய மூடுல. கேக்கேன்லா."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லென்ஸ் மூடி தரையில் விழுந்து உருண்டு போகிற சத்தம். ஸ்டூல் நகர்கிற சத்தம். யாரோ குனிந்து எடுக்கிறார்கள்.

"எம்மா, எனக்குக் கை வெறைக்குது" என்றது வீட்டுக்காரியின் குரல். "நீ என்னப் பாத்துச் சிரிக்கப்படாது, என்ன?"

"நான் எங்க சிரிக்கேன் அத்தை." பேச்சித்தங்கத்தின் குரல் இப்போது வாசல்வரை கேட்டது. "அந்தக் கேமரா வாரக் கழுத்துல போடுங்க. மாமா அப்படித்தான் போடுவாவ."

"இப்படியா?"

"முறுக்கிருக்கு. நிமித்துங்க."

"எந்தப் பொத்தான்ளா? இதுல ஏழெட்டு இருக்கு."

"வலக்கைப் பக்கம், மேல. பெரிசு. ஐயோ, அது இல்ல அத்தை! கண்ண இதுல வைங்க. இன்னொரு கண்ண மூடுங்க."

"மூடுனா ரெண்டும் மூடுதே."

"அப்போ ரெண்டையும் தொறந்தே பிடிங்க. மெதுவா. மூச்ச விடுங்க. ஒண்ணும் ஆவாது, நான் இங்கதான இருக்கேன்."

பிச்சைக்கனி படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டார். கேமரா கீழே விழப்போகிறது என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தோள் குலுங்கியது. உள்ளே பொத்தான் சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, மறுபடி மறுபடி, அப்புறம் இருவருமாகச் சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள், வீட்டுக்காரிக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் வீட்டுக்காரி கதவில் வந்து நின்று கேமராவை நீட்டினாள்.

பார்த்தார். முதல் படத்தில் மேல்கூரை. இரண்டாவது படத்தில் பின்னந்தலை, கோணலாக. மூன்றாவதில் ஒரு காது. நாலாவதில் காதும் தோடும் கன்னமும். ஐந்தாவதில் ஒரு கண். ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, அளத்தில் காலையில் வெயில் ஏறுகிற மாதிரி நிதானமாக, பிள்ளை திரும்பிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவதில் முழுமுகம். சிரிப்பு இல்லை. நாடி இறங்கவில்லை. தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தோடு படியேறுகிற ஒருத்தியை, கொட்டிவிடுவாளோ என்று கீழே நின்று பார்க்கிற பார்வை. கேமராவை நேராகப் பார்த்த பார்வை.

"கோணல்" என்றார் பிச்சைக்கனி. படத்தைச் சாய்த்துப் பார்த்தார். "நிமித்திக்கிடலாம். அடுத்த ஆளு போ."

ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள். ஒவ்வொருத்தரும் அவளுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். செல்வின் விளக்கைத் திருப்பச் சொன்னான். இசக்கி, "இங்க நில்லுங்க அத்தை, வயர் தடுக்கும்" என்றான். அருள்ராஜுக்கு அவள் கேமராவை அண்ணாந்து தூக்க வேண்டியிருந்தது, அவன் தானாகவே ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். வாயைப் பொத்திச் சிரிக்கிற பிள்ளைக்கு வாயைப் பொத்த நேரமில்லை, இரண்டு கையாலும் வாரைப் பிடித்துச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள், கையை இறக்குமுன் படம் விழுந்துவிட்டது. கடைசிப் பிள்ளைவரைக்கும் அந்தக் கை நடுக்கம் நிற்கவில்லை. நல்லவேளை. நின்றிருந்தால் கெட்டிருக்கும்.

நாலு மணிக்கு முடிந்தது. நாலே முக்காலுக்கு ஞானராஜ் அனுப்பினார். கம்ப்யூட்டர் ஒன்றையும் துப்பவில்லை. சனிக்கிழமை காலையில் வேன் வந்து முத்துமாலை வீட்டு முக்கில் நின்று ஹாரன் அடித்தது, அக்கா மட்டும் ஏறினாள், ஒரு சீட்டு காலியாகவே போயிற்று.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. சுவரில் மாட்டிய பின்னந்தலைகள் யாருக்கும் தெரியாமல் முகமாக மாறவில்லை, அப்படியெல்லாம் நடக்காது, அவை அப்படியே இருந்தன. பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து ஹால் டிக்கெட் படத்தை மாட்டினார்கள். அந்த வருஷத்து இருபத்து மூன்று முகமும் ஒரே பார்வை பார்த்தன. எதிரே நடக்கிற யார் காலையாவது தடுக்கிவிடப் போகிறது என்று பதறுகிற பார்வை, ஆகவே முள்ளளத்தில் அந்தப் படங்களுக்கு முன்னால் எல்லாரும் பார்த்து நடந்தார்கள்.

ஹால் டிக்கெட் வந்த அன்று மத்தியானம் முத்துமாலை ஸ்டுடியோவுக்கு வந்தார். அளத்திலிருந்து நேரே வந்திருந்தார், முழங்கால்வரை உப்பு காய்ந்திருந்தது, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். மடியில் நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து விரித்து, மகள் முகத்தில் தன் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பதினேழு வருசமா வளக்கேன். ஒருநாளும் இவ என்ன நிமிந்து பாத்ததில்ல. நானும் பாருன்னு சொன்னதில்ல." அவர் படத்தையே பார்த்தார். "இதுல யாரப் பாத்து இப்படிப் பாக்கா?"

திரை ஒரு சாண் இழுபடுகிற சத்தம் பிச்சைக்கனிக்குக் கேட்டது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் வீட்டுக்காரியை ஏட்டி என்றும் இந்தா என்றும் வீட்டுல என்றும் சொல்லியே காலம் போயிருந்தது, ஆகவே அந்தப் பேரை நாக்கு தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"சந்தனமாரி" என்றார்.